பதநீர் இறங்காத மாதங்களிலும் பேச வேண்டும்

சிறு வணிகர்களின் முகநூல், இன்ஸ்டகிராம் பக்கங்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். கணக்குத் தொடங்கிய மாதத்தில் நாளுக்கு இரண்டு பதிவுகள் இருக்கும். சரக்கின் படம், விலை, கடைப் பூஜை, சொந்தக்காரர்களின் வாழ்த்து எல்லாம் வரும். மூன்றாம் மாதம் வாரத்துக்கு ஒன்று. அப்புறம் ஒரு பொங்கல் வாழ்த்து, ஒரு தீபாவளி வாழ்த்து. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. 2020, 2021 ஊரடங்கு நாட்களில் வீட்டிலிருந்தபடியே ஊறுகாய், மசாலாப் பொடி, சேலை, கருப்பட்டி என்று விற்கத் தொடங்கியவர்களின் பக்கங்கள் இப்படிப் பாதியில் நிற்பதை நிறையவே பார்க்கலாம். அவர்களில் பலர் இன்றும் தொழிலில் இருக்கிறார்கள். சரக்கு இருக்கிறது, தரமும் குறையவில்லை. வாங்குகிறவர்களோடு பேசுவது மட்டும் நின்றுவிட்டது.

புதிதாக வாங்க நினைப்பவர் பணம் அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறார். கடைசிப் பதிவு மூன்று ஆண்டுக்கு முந்தையது என்றால், கடை நடக்கிறதா என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிடும். விசாரித்துப் பார்க்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். இந்த இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. அதனால் அது உரிமையாளரின் கவனத்துக்கு வருவதே இல்லை.

இதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது அநியாயம். விடியுமுன் அடுப்பு மூட்டி, இரவு பார்சல் கட்டி முடித்துவிட்டுப் படுக்கிறவரைச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. தொடங்கிய வாரத்தின் உற்சாகத்தை வைத்து அளவைத் தீர்மானித்ததுதான் பிழை. வேலை நெருக்கும் வாரத்தில் அந்த அளவு தாங்காது. ஒருமுறை விட்டுப்போனால் மறுபடி தொடங்கக் கூச்சமாக இருக்கும். கூச்சத்திலேயே மாதங்கள் ஓடிவிடும். தன் தொழிலில் மிகக் கடினமான மாதம் எதுவோ, அந்த மாதத்தில் எவ்வளவு பேச முடியுமோ, அதையே ஆண்டு முழுவதற்கும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. எதைப் பேசுவது என்பதைத் தொழிலின் பருவத்திலிருந்தும், வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வியிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். இதற்குத் தனித் திறமையோ பெரிய பணமோ தேவையில்லை. யார், எந்த நாளில், எவ்வளவு நேரம் என்ற ஏற்பாடு தேவை.

உடன்குடியின் ஆண்டு

பொதுவாகச் சொன்னால் இது காற்றில் போய்விடும். ஒரு தொழிலை வைத்துப் பார்ப்போம்.

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், செம்மண் தேரிகளின் ஓரத்தில் இருக்கும் உடன்குடியின் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சொந்த மரங்களிலும் பாட்டத்துக்கு எடுத்த மரங்களிலும் பதநீர் இறக்கிக் காய்ச்சும் குடும்பங்கள், அவர்களிடம் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் சிறு வியாபாரிகள் என்று இதை நம்பி இருப்பவர்கள் பலர். வருமானத்தின் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் வந்தாக வேண்டிய தொழில் இது. மாசிவாக்கில் தொடங்கும் பதநீர் சித்திரை, வைகாசியில் உச்சத்துக்குப் போய், ஆடியோடு ஏறக்குறைய அடங்கிவிடும். மரம் ஏறுகிறவர் விடியுமுன் எழ வேண்டும். பாளையைச் சீவி, கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். மாலையில் மறுபடி ஏற வேண்டும். சுண்ணாம்பு இல்லையென்றால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரைத் தாமதிக்காமல் காய்ச்சியாக வேண்டும். பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அடுப்புக்கு முன்னால் பெண்கள் மணிக்கணக்கில் நிற்பார்கள். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டு, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதநீராவது வேண்டும்.

இந்த மாதங்களில் அந்தக் குடும்பத்திடம் போய், தினமும் ஒரு ரீல்ஸ் போடுங்கள் என்று சொல்வது தொழில் தெரியாதவர் சொல்லும் ஆலோசனை. ஆனால் பயிற்சி வகுப்புகளில் அதைத்தான் சொல்கிறார்கள்: தினம் ஒன்று, தவறாமல். காய்ச்சும் வேலை நடக்கும்போது அவர்களால் முடிவது என்ன? கையில் இருக்கும் போனால் சில நொடிகள் படம் பிடித்து வைப்பது முடியும். பாளை சீவும் ஓசை, கலயத்தில் சொட்டும் பதநீர், கொதியில் நிறம் மாறுவது, சிரட்டையிலிருந்து கருப்பட்டி கழன்று விழுவது என்று ஒவ்வொன்றையும் அப்படியே எடுத்து ஓர் இடத்தில் சேர்த்து வைத்தால் போதும். அடுக்கவோ வெட்டி ஒட்டவோ வேண்டாம். பருவத்தில் சேகரிப்பதும், பருவம் முடிந்த பிறகு சொல்வதும் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். சித்திரையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு வரி எழுதுவதே பெரிய காரியம் என்றால், ஆண்டு முழுவதற்கும் அளவு பதினைந்து நாளுக்கு ஒன்று. ஆடிக்குப் பிறகு கை ஓய்ந்திருக்கிறதே என்று அதை நாளுக்கு மூன்றாக்க வேண்டாம். கிடைக்கிற நேரத்தில் அடுத்த பருவத்துக்கும் சேர்த்து எழுதி வைத்துவிடலாம்.

பருவம் முடிந்த பின் சொல்வதற்கு என்ன இருக்கும் என்பது நியாயமான கேள்வி. கருப்பட்டியைப் பொறுத்தவரை, சொல்ல வேண்டியவற்றில் பெரும்பகுதி பதநீர் இறங்காத மாதங்களில்தான் இருக்கிறது என்பேன். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழுகிறது. சுட்டுத் தின்ற தலைமுறை இன்னும் நகரங்களில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆடிப்பிறப்பன்று பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆடிக்கூழ் காய்ச்சுகிறார்கள். அந்த வழக்கம் புலம்பெயர்ந்த வீடுகளிலும் தொடர்கிறது. புரட்டாசியில் உடன்குடிக்குப் பக்கத்திலேயே குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா. வேடம் கட்டிய பக்தர்கள் லட்சக்கணக்கில் அந்தச் சாலைகளில்தான் வருகிறார்கள். மழை தொடங்கும்போது பனை விதை ஊன்றுகிறார்கள். ஐப்பசியில் தீபாவளி அதிரசத்துக்குக் கருப்பட்டியில் பாகு எடுக்கும்போது பதம் ஏன் வெல்லப் பாகு மாதிரி வருவதில்லை என்று கேட்கிற வீடுகள் உண்டு. கார்த்திகையில் தென்மாவட்டங்களில் பனையோலைக்குள் மாவை வைத்து அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டை. கோயில் முன் சொக்கப்பனை. மார்கழியில் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்ட கருப்பட்டிக் காபி. தையில் பனங்கிழங்கு. பெண் பிள்ளை பூப்பெய்திய வீட்டில் நல்லெண்ணெய் விட்டுக் கிண்டும் உளுந்தங்களிக்கு மாதக் கணக்கே கிடையாது.

இந்த நாட்காட்டியை எந்த விளம்பர நிறுவனமும் எழுதித் தர வேண்டியதில்லை. வீட்டில் ஒரு மூத்த பெண்மணியிடம் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து கேட்டால் ஆண்டு முழுவதற்குமான திட்டம் ஒரே தாளில் அடங்கிவிடும். மாதத்துக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 செய்திகள். மேலே சொன்னதே அதில் பாதியை நிரப்பிவிடும்.

மீதிப் பாதி, கேட்கிறவர்களிடமிருந்து வரும். கருப்பட்டி வாங்குகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள்? கரைத்தால் அடியில் ஏன் வண்டல் நிற்கிறது? மழைக்காலத்தில் ஏன் கசிகிறது? போன முறை வந்தது கறுப்பாக இருந்தது, இந்த முறை ஏன் நிறம் வெளுத்திருக்கிறது? சீனி கலந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாலில் போட்டால் திரிந்துவிடுமா? ஒவ்வொன்றுக்கும் உற்பத்தி செய்கிறவரிடம் பதில் இருக்கிறது. வண்டல் என்பது கலயத்துச் சுண்ணாம்பின் மிச்சமும் தூசியும். கரைத்து வடிகட்டிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். கருப்பட்டி ஈரத்தை இழுக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஓலைக் கொட்டானில் கட்டி, அடுப்புப் புகை படும் பரணில் வைத்தார்கள். பரண் இல்லாத அடுக்குமாடி வீட்டில் எப்படி வைப்பது என்பது அடுத்த கேள்வி. அதற்கும் ஒரு செய்தி எழுதலாம். நிறம் காய்ச்சுகிற பதத்தையும் மரத்தையும் பொறுத்தது. இப்படி நாள்தோறும் தொலைபேசியில் தனித்தனி ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பதில்களை ஒருமுறை நிதானமாக எழுதினால், அதே கேள்வி மனத்தில் இருந்தும் கேட்காமல் போன நூறு பேருக்கு அது உதவும்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பார்சல் கட்டும் மேசையிலேயே கிடக்கட்டும். யார் என்ன கேட்டாலும் அன்றே ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு இதுதான் முழுத் திட்டத்தின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் பெரும்பாலான முயற்சிகள் கைவிடப்படுகின்றன. நோட்டுப் புத்தகம் பக்கத்தில் இருந்தால் அந்தத் திகைப்பு வராது.

பேசாமல் இருப்பதன் விலை

'நல்ல சரக்குக்கு விளம்பரம் எதற்கு?' என்று கேட்கும் பெரியவர்களை மதிக்கிறேன். அவர்கள் காலத்தில் அது உண்மையாக இருந்தது. பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி கோயிலுக்கு வருகிறவர்கள், திருச்செந்தூருக்கு வருகிறவர்கள், சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் என்று சரக்கைச் சுமந்து போகிற மனிதர்கள் இருந்தார்கள். அவர்களோடு பேரும் போனது. சரக்கு எந்த வீட்டில் காய்ச்சியது என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று நிலைமை வேறு. சீனியைக் காய்ச்சி ஊற்றி, அதே சிரட்டை வடிவத்தில், அதே ஓலைக் கொட்டானில் வைத்துப் படம் எடுத்தால் திரையில் வித்தியாசம் தெரிவதில்லை. சீனி மலிவு. கலப்படம் செய்கிறவரால் குறைந்த விலைக்குக் கொடுக்க முடிகிறது. மிச்சமாகும் பணத்தில் விளம்பரமும் செய்ய முடிகிறது. உண்மையான கருப்பட்டியின் விலை ஏன் அவ்வளவு என்பதை யாரும் எடுத்துச் சொல்லாதபோது, வாங்குகிறவர் மலிவானதை எடுத்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்திருப்பது இரண்டு படங்களும் இரண்டு விலைகளும் மட்டுமே. மரம் ஏறும் உழைப்பு, எரிக்கிற விறகு, ஏழெட்டு லிட்டர் கொதித்து ஒரு கிலோவாகச் சுண்டும் நேரம் ஆகியவற்றைச் சொல்லும் ஆள் நேர்மையாக உற்பத்தி செய்கிறவர்தான். அவர் பேசாமல் இருந்தால் அந்த இடத்தைக் கலப்படக்காரர் எடுத்துக்கொள்கிறார். அதனால்தான் இதை நான் வெறும் விற்பனை உத்தியாகப் பார்க்கவில்லை. ஒரு தொழில் பிழைத்திருப்பதற்கான நிபந்தனையாகவே பார்க்கிறேன்.

தொடர்ந்து பேசுவதால் கிடைக்கும் இன்னொரு பலன், கெட்ட காலத்தில்தான் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழை நினைவிருக்கும். உடன்குடிக்குச் சற்று வடக்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சாலைகள் துண்டாயின. அப்படிப்பட்ட வாரத்தில் ஆர்டர் கொடுத்துப் பணம் அனுப்பியவர், மாதம் இருமுறை செய்தி வரும் கடை என்றால் காத்திருப்பார். என்ன ஆயிற்று என்று அக்கறையோடு கேட்கவும் செய்வார். வாங்கிய அன்று பேசியதோடு சரி என்றால், ஏமாந்துவிட்டோமோ என்றுதான் நினைப்பார். விலை ஏறும்போதும் அப்படியே. மழை முந்திவிட்டது, சரக்கு குறைவு, இந்த ஆண்டு விலை இவ்வளவு என்று முன்கூட்டியே காரணத்தோடு சொல்லப்பட்ட விலையேற்றத்தை மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். சரக்கு தீர்ந்துவிட்டது என்பதைக்கூட ஒரு செய்தியாகச் சொல்லலாம். சொல்ல வேண்டும்.

இப்படித் தொடர்ந்து பேசுவது நமக்குப் புதியதும் அல்ல. சிவகாசியில் அச்சாகும் தினசரி நாட்காட்டியை நினைத்துப் பாருங்கள். ஜவுளிக்கடையோ மளிகைக்கடையோ தை மாதத்துக்கு முன்னால் இலவசமாகக் கொடுக்கும். கடையின் பெயர் மேலே இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. நல்ல நேரமும் ராகு காலமும் பார்க்கத் தாளைக் கிழிக்கும்போது 365 நாளும் அந்தப் பெயர் கண்ணில் படும். வீட்டுக்குத் தேவையான ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தன் பெயரை ஓரத்தில் வைத்துக்கொள்ளும் அந்தப் பக்குவம் இன்றைய விற்பனைப் பதிவுகளில் அரிது. 1893இல் மும்பையில் அமிர்தாஞ்சனம் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், இசைக் கச்சேரிகளில் அந்த மஞ்சள் தைலத்தை இலவசமாக விநியோகித்தார். 1983இல் கடலூரில் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்பு தொடங்கிய சி.கே. ரங்கநாதன், கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பிச் சிறுவர்களுக்குத் தலை கழுவிக் காட்டவைத்தார். காலி ஷாம்பு பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒன்று இலவசம் என்றார். இரண்டு பேருமே தொடக்கத்தில் சிறு வணிகர்கள்தான். பொருளைப் பற்றிய சந்தேகத்தை, ஆள் இருக்கும் இடத்துக்கே போய்த் தீர்த்தார்கள்.

யார் எழுதுவது, எங்கே சேர்ப்பது

பெரும்பாலான குடும்பங்களில் இந்த வேலை கல்லூரியில் படிக்கும் மகன் அல்லது மகள் தலையில் விழுகிறது. தேர்வு வந்தால் நின்றுவிடுகிறது. வேலை கிடைத்து வெளியூர் போனால் கடவுச்சொல்லும் கூடவே போய்விடுகிறது. மாதக் கட்டணத்துக்கு நகரத்து நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைப்பவர்களும் உண்டு. அவர்களில் நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கலாம். ஆனால் பனை மரத்தை அருகில் பார்த்திராத ஒருவர் செய்யக்கூடியது, எல்லாக் கடைக்கும் பொருந்தும் பண்டிகை வாழ்த்துப் படத்தில் உங்கள் கடைப் பெயரை மாற்றிப் போடுவதுதான். தீபாவளியன்று ஒருவருடைய போனுக்கு வரும் எத்தனையோ வாழ்த்துகளில் அதுவும் ஒன்று. அதற்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல அட்டைப்பெட்டி வாங்கலாம். மழைக்காலத்தில் கருப்பட்டி கசியாமல் போய்ச் சேரும்.

என் பரிந்துரை இது. சொல்ல வேண்டியதைத் தொழில் தெரிந்தவரே சொல்ல வேண்டும். தட்டச்சு செய்வது யாராக இருந்தாலும் சரி. அடுப்படியில் நிற்கும் அம்மா போனில் குரல் பதிவாகப் பேசட்டும், பிள்ளை அதை எழுத்தாக்கட்டும். அம்மாவின் பேச்சைப் பத்திரிகைத் தமிழாக மாற்ற வேண்டியதில்லை; உடன்குடிப் பேச்சிலேயே இருக்கட்டும். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட மாலை, ஒரு மணி நேரம், வேறு வேலை இல்லாமல். பார்சல் போகாத ஞாயிறு பலருக்கும் ஒத்துவரும். கணக்கும் கடவுச்சொல்லும் தொழில் நடத்துகிறவரின் பெயரில், அவருடைய கையில் இருக்க வேண்டும். ஒரு முறை விட்டுப்போனால் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுத வேண்டாம். அடுத்த முறை வழக்கம்போல் தொடர்ந்தால் போதும். விட்டுப்போனதைப் பெரும்பாலோர் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

எங்கே பேசுவது என்பதில் ஒரு கசப்பான அனுபவம் நமக்கு இருக்கிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. தடைக்கான காரணங்கள் வேறு விவாதம். அந்தச் செயலியில் மட்டுமே ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் அத்தனை பேரையும் இழந்தார்கள். யார் யார் பின்தொடர்ந்தார்கள், எந்த ஊர் என்ற விவரம் எதுவும் அவர்கள் கையில் இல்லை. தடை வேண்டியதில்லை, பதிவுகளை யாருக்குக் காட்டுவது என்ற விதியை ஒரு நிறுவனம் மாற்றினாலே போதும், நேற்று வரை ஆயிரம் பேருக்குத் தெரிந்த பக்கம் இன்று ஐம்பது பேருக்குத் தெரியும்.

அதற்காக இன்ஸ்டகிராமிலோ யூடியூபிலோ பேசுவதை நிறுத்த வேண்டாம். அங்கே வருகிறவரைச் சொந்தப் பட்டியலுக்கு அழைத்து வர வேண்டும். சிறு வணிகருக்கு இன்று அந்தப் பட்டியல் பெரும்பாலும் வாட்ஸ்அப்தான். அதன் வணிகச் செயலி 2018 முதல் கிடைக்கிறது. ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது நல்ல வடிகட்டியாகவே தெரிகிறது. எண்ணைச் சேமித்தவர் நம் பேச்சைக் கேட்கச் சம்மதித்தவர். பார்சலுக்குள் ஒரு சிறு அட்டை வைத்து, மாதம் இரண்டு முறை மட்டும் எழுதுவோம், விருப்பமென்றால் இந்த எண்ணைச் சேமியுங்கள், வேண்டாமென்றால் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுகிறோம் என்று அச்சிட்டு வைக்கலாம். சம்மதம் கேட்பது மரியாதை மட்டுமல்ல; 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் அதுதான். பெயர், ஊர், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார் என்பதைத் தனியாக ஒரு பேரேட்டிலும் எழுதி வைக்க வேண்டும். போன் தொலைந்தாலும் பட்டியல் தொலையக் கூடாது.

200 பேர் கொண்ட அந்தப் பட்டியல், இருபதாயிரம் பேர் பார்த்துவிட்டுக் கடந்துபோன காணொளியைவிடக் கருப்பட்டிக் குடும்பத்துக்குப் பயன் தரும். ஒரு குடும்பம் ஆண்டுக்குக் காய்ச்சும் சரக்குக்கு ஓர் அளவு உண்டு. மரத்தை இரட்டிப்பாக்க முடியாது. ஒரு காணொளி பெரிதாகப் பரவி ஒரே வாரத்தில் ஆயிரம் பேர் கேட்டால் கொடுக்கச் சரக்கு இருக்காது. வெளியில் வாங்கிக் கொடுத்தால் தரத்துக்குப் பொறுப்பேற்க முடியாது. இத்தகைய தொழில்களுக்கு வேண்டியது, ஆண்டுதோறும் திரும்பி வருகிற அளவான கூட்டம். எனவே எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைப் பார்த்து மகிழவோ சோரவோ வேண்டாம். போன ஆண்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் வாங்கினார்கள், புதிதாக வருகிறவரை அனுப்பியது யார் என்ற இரண்டையும் பேரேட்டிலிருந்து எண்ணிப் பார்த்தால் போதும்.

சொல்லக் கூடாததும் உண்டு

தொடர்ந்து எழுத வேண்டும் என்ற நெருக்கடியில் எளிதாக வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது ஆரோக்கியம். சர்க்கரை நோயாளிகள் பயமில்லாமல் சாப்பிடலாம், நோய் குணமாகும் என்றெல்லாம் கருப்பட்டிக்கும் சிறுதானியத்துக்கும் தேனுக்கும் எழுதுகிறார்கள். கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரைதான். அதில் தாதுச் சத்துகள் இருக்கின்றன என்பது வேறு. சர்க்கரை நோயாளி அதை அளவில்லாமல் சாப்பிடலாம் என்பது வேறு. நம் வார்த்தையை நம்பி ஒரு முதியவர் மருந்தை நிறுத்திவிட்டால் அதற்கு யார் பொறுப்பு? சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. நீரிழிவு உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்தும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உணவுப் பொருளைப் பற்றித் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் வைத்திருக்கிறது. கருப்பட்டியின் மணமும் ருசியும் அதன் பின்னால் இருக்கும் உழைப்பும் போதாதா? பொய்யான மருத்துவக் குணம் அதற்கு எந்த விதத்தில் அவசியம்?

இன்னொன்று, மரம் ஏறுகிறவரைப் பற்றியது. பனை ஏறும் காட்சி திரையில் ஈர்க்கும். அதனால் அதைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஏறுகிறவருக்கு அது நாள்தோறும் உயிரைப் பணயம் வைக்கும் வேலை. கேமராவுக்காக இன்னொரு முறை ஏறச் சொல்வது, பாதுகாப்பில்லாமல் கையை விட்டுக் காட்டச் சொல்வது ஆகியவற்றை எந்த விற்பனையும் நியாயப்படுத்தாது. அவரிடம் கேட்டு, அவர் விரும்பினால் பெயரோடு, அவர் வழக்கமாக ஏறும் நேரத்தில் எடுக்க வேண்டும். அவருடைய படத்தால் விற்பனை கூடினால் அவருக்கு அதில் பங்கு சேர வேண்டும். புதிதாக மரம் ஏற ஆள் வராமல் தவிக்கும் தொழிலில், ஏறுகிறவரை மதிப்போடு காட்டுவதே அடுத்த தலைமுறைக்கு விடுக்கும் அழைப்பாகவும் இருக்கும்.

தனி ஒரு குடும்பத்தால் முடியாதவையும் இருக்கின்றன. சீனி கலக்கவில்லை என்பதைப் பருவம்தோறும் ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெறுவது செலவு பிடிக்கும் காரியம். புவிசார் குறியீட்டைப் பயன்படுத்த உரிமை பெற்றவர் யார், அதை வாங்குகிறவர் எப்படிச் சரிபார்ப்பது என்பதை எளிய தமிழில் எழுதி வைக்கும் வேலையும் ஒருவர் தோளில் ஏற்றக்கூடியதல்ல. பனைவெல்லக் கூட்டுறவு அமைப்புகளும் மாவட்டத் தொழில் மையமும் இதைக் கையில் எடுக்கலாம். மாவட்டத் தொழில் மையத்தின் பயிற்சிகளில் கடன் விண்ணப்பமும் திட்ட அறிக்கையும் கற்றுத்தரப்படுகின்றன. அவற்றோடு ஒரு நாளை ஒதுக்கி, ஒவ்வொருவரும் தன் தொழிலின் பன்னிரண்டு மாதத்தையும் ஒரு தாளில் எழுதிவிட்டுப் போகும்படி செய்யலாம். பருவத்தில் எடுத்த நல்ல படங்கள், சோதனை முடிவுகள், அடிக்கடி வரும் கேள்விகளுக்கான சரியான பதில்கள் ஆகியவற்றைத் தொகுத்து, உண்மையாகக் காய்ச்சுகிற யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்கலாம். இதற்குப் பெரிய ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. பதநீர் அடங்கும் ஆடியில் தொடங்கினால், குலசேகரப்பட்டினம் தசராவுக்குக் கூட்டம் வருவதற்குள் முதல் தொகுப்பு தயாராகிவிடும்.